நிறுத்திய பிறகு ஏறும் சூடு

சாய்ந்தமருது
09.02.2025

அன்புள்ள ஜவுபர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நஸ்லா ராத்தாவும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். மலைக்குளிர் நெஞ்சில் ஏறுகிறது என்று சொன்னீர்கள். ஒரு கம்பளிப் போர்வை பார்சலில் போட்டிருக்கிறோம். கிடைத்ததா?

அங்கே போனில் கதைத்தால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். கராஜ் விஷயம் அப்படிக் கதைத்து முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேளாண்மை வெட்டு தொடங்கிவிட்டது. அறுவடை மெஷின்கள் ரோட்டு வரைக்கும் நிற்கின்றன. அதற்கிடையில் அக்கரைப்பற்று பார்ட்ஸ் கடை றிஷாட் ஒரு வேலை கொண்டுவந்திருக்கிறார். போன வருடம் பெண்சாதியை மௌத்தில் இழந்தாரே, அவர்தான். பழைய ஜப்பான் கார், நீட்டுவாக்கில் வைத்த ஆறு சிலிண்டர் இஞ்சின், டர்போ போட்டது. சிங்களப் பக்கத்தில் ஒரு பழைய விமான ஓடுபாதையில் கால் மைல் ஓட்டப் போட்டி வைக்கிறார்கள். அதற்குப் போகிறார். ஓடும்போது கார் நன்றாகத்தான் ஓடுகிறது. தன் முறை வரும்வரை வெயிலில் வரிசையில் நிற்கும்போதுதான் கொதிக்கிறது.

"ஹாதிக், இது கார் இல்ல, கேத்தில். ஸ்டார்ட் கோட்டில நிண்டா ஆளுக்கொரு தேத்தண்ணி ஊத்தலாம்" என்கிறார்.

இஞ்சின் பெல்ட்டில் சுற்றும் பழைய ஃபேன்தான் அதில் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடச் சொல்கிறார். நம்மிடம் வருவது லொறியும் ட்ராக்டரும். எனக்கு இதில் பழக்கம் இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒக்டோபருக்குள் வந்துவிடுவீர்கள் என்று ராத்தா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். தண்டனையில் கிடைக்கும் நன்னடத்தைக் கழிவு வெட்டுப்படும்படி எதுவும் செய்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.
ஹாதிக்

(சாப்பாட்டை மிச்சம் வைக்காதீங்க. ஆரோடயும் வாய் காட்டாதீங்க. – நஸ்லா)

*

சிறைச்சாலை
23.02.2025

ஹாதிக்,

வஅலைக்குமுஸ்ஸலாம். போர்வை கிடைத்தது. இருமல் குறைவு. என் பெண்சாதியின் சுகத்தை அவள் தம்பி நீ எழுதுகிறாய். அவளுக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத நேரமில்லை போலும்.

ஃபேன் விஷயம். றிஷாட்டுக்குக் காரும் தெரியாது, கேத்திலும் தெரியாது. பெல்ட் ஃபேனுக்குப் புத்தி ஒன்றுதான். இஞ்சின் சுற்றினால் சுற்றும், நின்றால் நிற்கும். அந்த அளவுக்கு நாணயமான ஒரு மனிதனை நான் இன்னும் காணவில்லை. எலக்ட்ரிக் ஃபேன் அப்படியல்ல. அதற்கு வயர் வேண்டும், ரிலே வேண்டும், பியூஸ் வேண்டும், சூடு பார்த்துச் சொல்லும் சுவிட்ச் வேண்டும். நாலில் ஒன்று பொய் சொன்னால் இஞ்சின் போய்விடும். பெல்ட் ஃபேன் இஞ்சினின் பலத்தில் கொஞ்சம் தின்கிறது, உண்மைதான். வேலை செய்கிறவன் தின்னத்தான் செய்வான்.

வரிசையில் நிற்கும்போது இஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், காற்று போதாது. அதுதான் கொதி. முதலில் ஃபேன் கிளச்சைப் பார். அதற்குள் இருக்கும் எண்ணெய் காய்ந்திருந்தால் ஃபேன் வழுக்கும். பிறகு, ஃபேனைச் சுற்றியுள்ள கவசம் ரேடியேற்றரோடு ஒட்டி நிற்கிறதா என்று பார். பிறகு நான் காட்டித் தந்த மாதிரி இஞ்சினை நிறுத்து, இறக்கைகளுக்கிடையே கையை விட்டு ரேடியேற்றரின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார். எங்கே குளிர்கிறதோ அங்கே அடைப்பு. எந்த மீற்றரும் அந்தக் கை சொல்வதைச் சொல்லாது.

றிஷாட்டைக் கராஜோடு நிறுத்து. வீட்டு முற்றத்துக்கு ஏற்றாதே. நஸ்லாவைப் பற்றி ஒரு லொறிக்காரன் பகிடி விட்டதற்குத்தான் நான் இங்கே இருக்கிறேன். அவனுக்கு ஒரு கண் மிச்சம் இருக்கிறது. அதையும் எடுத்திருக்கலாம் என்று சில நாட்களில் நினைப்பேன்.

வஸ்ஸலாம்.
ஜவுபர்

*

சாய்ந்தமருது
17.03.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். றமழான் பாதி கழிந்துவிட்டது. அங்கே விடியுமுன் சஹருக்கு நேரத்துக்குச் சாப்பாடு தருகிறார்களா? இங்கே எல்லோரும் சுகம்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். கிளச் புதிது. கவசத்தையும் நெருக்கிப் பிடித்தேன். கை விட்டுப் பார்த்தபோது இடது மூலையில் பலகை மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. கழற்றிக் கழுவினேன். உப்பும் துருவும் ஒரு சிரட்டை வந்தது. கொதி குறைந்தது, ஆனால் போகவில்லை. றிஷாட் எலக்ட்ரிக் ஃபேனிலேயே நிற்கிறார். "உங்கட மச்சான் உள்ளுக்க இருந்துகொண்டு ஃபேனுக்கும் பிணை குடுக்க மாட்டேங்கிறாரே" என்று பகிடி பண்ணினார். கோபிக்க வேண்டாம், நல்ல மனுசன்தான்.

ராத்தா இந்த முறை எழுதவில்லை. கையில் கொஞ்சம் நோ, பேனை பிடிக்கக் கஷ்டம். ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போய்வந்தோம். றிஷாட்டின் வேனில் போனோம். திரும்பவும் போக வேண்டியிருக்கும்.

பெருநாளைக்கு உங்களுக்குச் சட்டைத்துணி அனுப்புகிறேன்.

வஸ்ஸலாம்.
ஹாதிக்

*

சாய்ந்தமருது
21.05.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பெருநாள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். கொழும்பில் என்ன வேலை, நஸ்லாவின் கையெழுத்து ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் வந்த பிறகு ஆறுதலாகக் கதைப்போம்.

உங்கள் காக்கா காலிதீனின் மகள் ஹிமாயாவின் கல்யாணம் நல்லபடி முடிந்தது. நான் போனேன். ராத்தா போகவில்லை. இந்த மூன்று மாதமும் அவர் வெளியே இறங்குவதில்லை, வெளி ஆட்கள் முன் வருவதுமில்லை. உள்ளறையிலேயே இருக்கிறார். நஸ்லா எங்கே என்று சனம் கேட்டது. காலிதீன் காக்காதான் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

றிஷாட் பழங்கள் கொண்டுவந்து முன்கதவில் தந்துவிட்டுப் போவார். அவர் செய்கிற உதவிக்கு எப்படிக் கைமாறு செய்யப்போகிறோமோ தெரியாது. அதற்காகவாவது இந்தக் காரை ஜூலை முடிவில் வரும் போட்டிக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஃபேனுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். உங்கள் வார்த்தை இல்லாமல் நான் அதில் கை வைக்க மாட்டேன்.

மருந்து குடிக்கிறீர்களா? இருமல் எப்படி?

வஸ்ஸலாம்.
ஹாதிக்

*

சிறைச்சாலை
30.05.2025

மதிப்புக்குரிய காலிதீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹிமாயாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் துஆ. சாச்சா வரவில்லை என்று பிள்ளை மனம் நோகக் கூடாது.

ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

நஸ்லா கல்யாணத்துக்கு வரவில்லை. மூன்று மாதம் வெளியே இறங்குவதில்லையாம், வெளி ஆண்கள் முன் வருவதில்லையாம். ஹாதிக்தான் எழுதியிருக்கிறான். என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிவிட்டான். புருஷன் விட்ட பெண், இல்லாவிட்டால் புருஷனை விட்ட பெண், அவள்தானே அடுத்த நிக்காஹ்வுக்கு முன் மூன்று மாதம் இப்படி உள்ளே ஒதுங்கி இத்தா இருப்பாள்? நான் மௌத்தாகவில்லை. தலாக் சொல்லவுமில்லை. அப்படியென்றால் அவள் காதி கோட்டுக்குப் போய்த் தன் பக்கமாகப் பஸ்ஹு விவாகரத்து எடுத்திருக்கிறாள். நோட்டீஸ் வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கும். ஹாதிக் வாங்கி மடித்து வைத்திருப்பான்.

இங்கே மருதமுனை ஆள் ஒருவன் இருக்கிறான். அவனுடைய பெண்சாதி பார்க்க வந்தபோது சொன்னாளாம்: சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நஸ்லா றிஷாட்டின் வேனில் ஏறிப் போனதை இரண்டு முறை கண்டிருக்கிறாள். அவனும் அதை எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அடித்தால் கழிவு வெட்டுப்படும்.

நம் ஊரில் ஆம்பிளை பெண்ணின் வீட்டில் குடியிருக்கிறவன். அவள் வேண்டாம் என்றால் ஒரு பேக்கோடு வாசல் படலை தாண்ட வேண்டும். வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. கராஜ் நிற்பதும் அவளுடைய வளவில்தான். நான் வெளியே வந்து எங்கே போவது? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

தம்பி,
ஜவுபர்

*

கல்முனைக்குடி
11.06.2025

தம்பி ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி கழிந்தது. உன் பெயரிலும் ஒரு பங்கு குர்பான் கொடுத்தேன். எனக்கு முழங்கால் நோ, மற்றபடி சுகம்.

நீ கேட்டதற்கு ஓம் என்றும் எழுத மாட்டேன், இல்லை என்றும் எழுத மாட்டேன். நஸ்லாவின் எந்தக் காரியத்தையும் உனக்கு எழுதுவதில்லை என்று குர்ஆனில் கை வைத்து வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள்தான் கேட்டாள். ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றதும் வாயில் வந்துவிடும். உன்னுடைய குணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது நடந்துவிட்டது. அல்லாஹ்வின் நாட்டம். பொறுமையாக இரு. வந்து உன் கண்ணால் பார்.

காக்கா,
காலிதீன்

*

சிறைச்சாலை
20.06.2025

அன்புள்ள ஹாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எப்படி இருக்கிறாய்? ராத்தா எப்படி இருக்கிறாள்? அவளை ஒன்றுக்கும் கஷ்டப்படுத்தாதே. உள்ளறையிலேயே இருக்கட்டும்.

ஃபேன் விஷயம் நிறைய யோசித்தேன். நீ கேட்டதுதான் சரி. றிஷாட் சொன்னதும் சரி. நான்தான் பழைய ஆளாகிவிட்டேன். பெல்ட் ஃபேன் லொறிக்கு. பந்தயக் காருக்கு எலக்ட்ரிக்தான். இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பெல்ட் ஃபேன் பலத்தைத் தின்னும்; வரிசையில் நிற்கும்போது காற்றுத் தராது. வேண்டாத நேரம் வேலை, வேண்டிய நேரம் தூக்கம். எலக்ட்ரிக் ஃபேன் இஞ்சினை நம்பி இருப்பதில்லை. நின்ற காரிலும் முழு வேகத்தில் சுற்றும்.

ஆகவே இப்படிச் செய். முதலாவது, பெல்ட் ஃபேனைக் கிளச்சோடு கழற்று. புதுக்கடைப் பிளாஸ்டிக் ஃபேன் வாங்காதே. வளையும், காற்று குறைவு. பழைய பெரிய ஐரோப்பியக் கார்களில் தகரத் தட்டு இறக்கை வைத்த ஃபேன் இருக்கும். றிஷாட்டுக்குச் சொன்னால் எடுத்துத் தருவார். அதை ரேடியேற்றருக்குப் பின்னால், இஞ்சின் பக்கமாகப் பொருத்து. கம்பி வலை போடாதே, காற்றை மறிக்கும்.

இரண்டாவது, வயர். இதைக் கவனமாக வாசி. நம்மிடம் வரும் சின்னக் கார்களில் இக்னிஷன் திறப்பைத் திருப்பி நிறுத்தினால் ஃபேனும் நிற்கும். கரண்ட் திறப்பு வழியாகப் போவதுதான் காரணம். அந்த வயர் இந்த ஃபேனைத் தாங்காது, உருகும். கரண்டைப் பற்றறியிலிருந்து நேரே எடு. தடித்த வயர், நடுவில் ரிலே. திறப்பைத் தொடாதே. சூட்டு சுவிட்சை ரேடியேற்றரில் வைக்காதே; மேல் ஹோஸில், இஞ்சினுக்குக் கிட்ட வை. அங்கேதான் சரியான சூடு தெரியும்.

மூன்றாவது, கை. போட்டி அன்று ஓட்டம் முடிந்ததும் பொனட்டைத் திற, இஞ்சினை நிறுத்து. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் தொடாதே, நிற்கும்வரை பார். நின்றதும் அவசரப்படாதே. ஆறுதலாக ஒரு கோப்பை பிளேன்ரீ குடி. பிறகு இறக்கைகளுக்கிடையே கையை விட்டு, நான் காட்டித் தந்த மாதிரி, உள்ளங்கையை ரேடியேற்றரின் நெஞ்சில் வைத்துப் பார். மேலிருந்து கீழ்வரை பொறுமையாகத் தடவிப் பார். எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தால் உன் வேலை சரி. அந்தக் கையால் எனக்கு ஒரு கடிதம் எழுது.

வஸ்ஸலாம்.
உன் மச்சான்,
ஜவுபர்

*

சாய்ந்தமருது
16.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று ராத்தாவுக்கு அதை முழுதாக வாசித்துக் காட்டினேன். "உன்ட மச்சான் எவ்வளவு பாசமா எழுதி இரிக்கார் பாருடா" என்று அழுதார். பிறகு சிரித்தார். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார்.

எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். றிஷாட் தகரத் தட்டு ஃபேன் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்துத் தந்தார். பற்றறியிலிருந்து நேரே வயர். சுவிட்ச் மேல் ஹோஸில். வெயிலில் காரை நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். சூடு ஏறியதும் தானே சுற்றியது, சூடு குறைந்ததும் தானே நின்றது. கேத்தில் கொதிக்கவில்லை. றிஷாட் என்னைக் கட்டிப்பிடித்து, "உங்கட மச்சான் வெளியில வந்தா முதல் ரவுண்டு அவருதான் ஓட்ட வேணும்" என்றார்.

போட்டி மாத முடிவில். துஆச் செய்யுங்கள். வேறு ஏதாவது கவனிக்க வேண்டியது இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
ஹாதிக்

*

சிறைச்சாலை
22.07.2025

ஹாதிக்,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. நான் சுகம். வேறு ஒன்றும் இல்லை. சொன்னபடி செய்.

ஜவுபர்

*

சாய்ந்தமருது
28.08.2025

அன்பான கணவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நஸ்லா எழுதுகிறேன். உங்கள் இருமல் எப்படி? நீங்கள் கடைசியாக எழுதி ஒரு மாதமாகிறது. இதை ஜேலர் வாசித்தாலும் பரவாயில்லை. இனிமேல் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் என் விஷயம். மாசி மாதக் கடைசியில் என் நெஞ்சில் ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். சுபஹுக்குப் பிறகு வேனில் ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். றிஷாட் நானா ஒவ்வொரு முறையும் தன் வேலையை விட்டுவிட்டு ஏற்றிப் போனார். அவருடைய பெண்சாதியும் இதே புற்றுநோய் வருத்தத்தில்தான் மௌத்தானவர். முடி எல்லாம் கொட்டிவிட்டது. கை வீங்கிப் பேனை பிடிக்க முடியவில்லை. சனத்தோடு சேர்ந்தால் காய்ச்சல் தொற்றும், மூன்று மாதம் வெளியே இறங்க வேண்டாம், வீட்டுக்கு வரும் ஆட்களுக்கு முன்னும் போக வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். ஹிமாயாவின் கல்யாணத்துக்கும் அதனால்தான் போகவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று ஹாதிக்கிடமும் காலிதீன் காக்காவிடமும் சத்தியம் வாங்கியது நான். கேட்டால் அங்கே யாரோடாவது சண்டைக்குப் போவீர்கள், கழிவு வெட்டுப்படும், ஒக்டோபரில் நான் உங்களைக் காண மாட்டேன் என்று பயந்தேன். நான் இருப்பேனோ இல்லையோ என்றும் அப்போது தெரியாது. இப்போது சுகம் என்கிறார்கள்.

இனி ஹாதிக்கின் விஷயம்.

போட்டியில் றிஷாட் நானாவின் கார் இரண்டாவதாக வந்தது. திரும்பி வந்து நிறுத்தினார்கள். திறப்பை எடுத்து றிஷாட் நானா சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஃபேன் கொஞ்சம் ஓடி நின்றது. ஹாதிக் நீங்கள் எழுதியபடியே பிளேன்ரீ ஒன்று வாங்கிக் குடித்தானாம். "மச்சான் சொன்ன எல்லாம் செய்திட்டன், இது ஒண்டுதான் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டு கையை உள்ளே விட்டானாம். உள்ளங்கையை வைத்தவுடன் ஃபேன் சுற்றிவிட்டது. "திறப்பு எண்ட சட்டைப்பைக்குள்ள இரிக்கி, எப்படிச் சுத்தின?" என்று றிஷாட் நானா இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வலது கை. பெருவிரலும் சின்ன விரலும்தான் மிச்சம். மற்ற மூன்றையும் தைக்க முடியவில்லை.

ஹாதிக் உங்களில் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மச்சான் இதை எழுதாம விட்டிருக்க மாட்டார், நான்தான் பார்க்காம விட்டுட்டன்" என்கிறான். உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொல்கிறான். கை விடுமுன் பற்றறியைக் கழற்றச் சொல்லி எந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று தேடச் சொல்கிறான். நான் வாசித்தேன். அந்த வரி எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாளும் வாசிக்கச் சொன்னான். எந்தத் தாளில் இருக்கிறது என்று எழுதுங்கள். அதைக் காட்டினால் அவன் நித்திரை கொள்வான்.

உங்கள்,
நஸ்லா

*

சிறைச்சாலை
06.09.2025

அன்புள்ள ஹாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ராத்தாவின் கடிதம் கிடைத்தது. அல்லாஹ் அவளுக்குச் சுகம் தந்தான், அவனுக்கே புகழ். என்னிடம் மறைத்திருக்கக் கூடாது. மறைத்ததால் எவ்வளவு கெடுதி வருகிறது என்று இனியாவது விளங்கட்டும்.

உன் கைச் செய்தி கேட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ நினைத்தது சரி. நான் எழுதினேன். நாலாவது தாளில் எழுதினேன். இஞ்சின் நின்றதும் தண்ணீர்ப் பம்பும் நிற்கும், தண்ணீர் ஓடாது, இரும்பில் இருக்கும் சூடு தண்ணீருக்கு ஏறும். நிறுத்திய பிறகுதான் சூடு ஏறும். பற்றறியிலிருந்து நேரே எடுத்த ஃபேன் திறப்பைக் கேட்காது, நின்ற காரிலும் தானே தொடங்கும். கை விடுமுன் பற்றறியைக் கழற்று என்று தெளிவாக எழுதி, கீழே கோடும் போட்டேன். உனக்கு மூன்று தாள்தான் வந்ததா? கடிதங்களை இங்கே பிரித்து வாசிப்பார்கள். வாசித்தவர்கள் திரும்ப வைக்கும்போது ஒரு தாள் விடுபட்டிருக்கும். யாரிடம் போய்க் கேட்பது?

கைக்கு மருந்து கட்டத் தவறாதே. கராஜைப் பற்றிக் கவலைப்படாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.
உன் மச்சான்,
ஜவுபர்

*

சாய்ந்தமருது
29.09.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது இடது கை எழுத்து. வாசிக்கக் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறிவிட்டது. ராத்தாவுக்கு முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. நேற்று முதல்முறையாகக் கடற்கரை வரைக்கும் நடந்தார்.

உங்கள் பதிலை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலாவது தாள் என்று கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. "பாத்தியா, நான் சொன்னன்தானே, அவர் அப்படி விடுற ஆள் இல்ல" என்றார்.

ஜூன் மாதக் கடிதத்தை நான் தனியாக எடுத்துப் பார்த்தேன். மூன்று தாள். மூன்றாவது தாளின் அடியில் வஸ்ஸலாம் என்று எழுதி உங்கள் பெயரும் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நாலாவது தாள் எதற்கு?

காலிதீன் காக்கா ராத்தாவைப் பார்க்க வந்தபோது, மே மாதம் நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் தந்தார். வாக்கு முடிந்துவிட்டது, இனிக் காட்டலாம் என்றார். இத்தா என்று நினைத்தீர்கள். நான் எழுதிய அந்த வரியை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். ஓம், அப்படித்தான் தெரியும். அதை நான் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போட்டிக்கு முன்னால் இன்னொரு கடிதமும் போட்டீர்கள். வேறு ஒன்றும் இல்லை, சொன்னபடி செய் என்று.

காக்காவுக்கு எழுதியதையும் அந்தக் கடைசிக் கடிதத்தையும் ராத்தாவிடம் காட்டவில்லை. அவருடைய மனம் உடைந்தால் உடம்பும் உடையும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே நாலாவது தாள் இருந்தது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபரில் நானும் றிஷாட்டும் வேன் கொண்டுவந்து சிறை வாசலில் நிற்போம். உங்கள் அறையை ராத்தா வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டை விட்டு உங்களை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். கராஜிலும் நான் உங்கள் பக்கத்தில்தான் நிற்பேன். ஸ்பேனர் எடுத்துத் தர இரண்டு விரல் போதும். றிஷாட்டின் கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது, வயர் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அடுத்த போட்டிக்கு முன் ரேடியேற்றரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலை இனி உங்களுடையது. நான் பற்றறிப் பக்கம் நிற்பேன்.

கழற்றிவிட்டேன் மச்சான், கையை விடுங்கள் என்று சொல்வேன். நம்பி விடுங்கள்.

வஸ்ஸலாம்.
ஹாதிக்